இஞ்சிப் பீர் பொங்காததற்குக் குளோரின்தான் காரணமா?

9 மார்ச் 2024, கேள்வி

வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறேன். வீட்டில் இஞ்சிப் பீர் செய்ய ஆசைப்பட்டு, யூடியூப் பார்த்து ஜிஞ்சர் பக் என்கிற உறை வைத்தேன். இஞ்சி, சீனி, தண்ணீர், வேறொன்றும் இல்லை. நாலு நாளாகியும் ஒரு குமிழிகூட வரவில்லை. மேலே வெள்ளையாக ஏதோ படர்ந்ததால் கொட்டிவிட்டேன். இரண்டாம் முறையும் அதே கதை. கொழும்புப் பைப் தண்ணீரில் குளோரின் கூட, அது ஈஸ்டைக் கொன்றுவிடும் என்று பலபேர் சொல்கிறார்கள். குசினிக் குழாய்க்கு ஃபில்டர் பூட்ட ஒரு கடையில் விலையும் கேட்டு வைத்திருக்கிறேன். பூட்டவா, விடவா?

9 மார்ச், இரவு

விடுங்கள் தம்பி. அந்தக் காசுக்கு இஞ்சி வாங்கலாம். இன்றைக்கு இஞ்சி விற்கிற விலைக்கு அதுவே பெரிய காரியம்.

கணக்கைப் பாருங்கள். வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும் தண்ணீரில் லீட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மேல் எல்லை 5 மில்லிகிராம். ஆனால் அந்த எல்லைக்கு வெகு கீழேயே மூக்கு கண்டுபிடித்துவிடும், சில பேருக்கு 0.3இலேயே மணக்கும். உங்கள் போத்தலில் அரை லீட்டர் தண்ணீர், அதில் லீட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் என்று வையுங்கள். மொத்தம் கால் மில்லிகிராம். அதற்குள் நீங்கள் கரண்டி கரண்டியாக இஞ்சியும் சீனியும் போடுகிறீர்கள். குளோரின் ஆள் பார்த்துக் கொல்வதில்லை. எதிரே வருகிற சேதனப் பொருள் எதுவானாலும் அதோடு சண்டைக்குப் போய் அங்கேயே செலவழிந்துவிடும். இஞ்சித் தோலில் ஒட்டியிருக்கிற ஈஸ்டைத் தேடிப் போக அதனிடம் மிச்சம் இருக்காது.

சுத்தமான தண்ணீரில் அந்தக் கால் மில்லிகிராம் ஒரு பட்டாளம். இஞ்சிக் கரைசலில் ஒன்றுமே இல்லை.

10 மார்ச்

கேட்க மறந்தது: தோல் சீவினீர்களா? எந்த இஞ்சி?

10 மார்ச், பின்னேரம்

தோல் சீவவில்லையாம், நல்லது. சுப்பர் மார்க்கெட்டில் வாங்கிய பெரிய, மினுமினுப்பான இஞ்சியாம். சீன இஞ்சியாக இருக்கும். அது விரல் தடிப்பில் சதை பிடித்திருக்கும், நன்றாகக் கழுவி வரும், உறைப்புக் குறைவு. உள்ளூர் இஞ்சி சின்னதாய், நார் நாராய், மண்ணோடு இருக்கும். ரங்கூன் இஞ்சி இரண்டுக்கும் நடுவில். உறை வைக்க உள்ளூரே மேல். உறைக்குத் தேவையானது தோலில் குடியிருக்கிற ஈஸ்டும் பக்டீரியாவும்தான். கழுவித் துடைத்து வந்ததில் அந்தக் குடும்பம் எவ்வளவு மிஞ்சும்? புறக்கோட்டையில் மண் ஒட்டிய இஞ்சியாகப் பார்த்து வாங்குங்கள். மண்ணை மட்டும் அலசுங்கள், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

12 மார்ச்

டொரொன்டோவில் இருந்து ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். வீட்டுக் கராஜில் பியர் வடிக்கிறாராம், குளோரினை எடுக்காமல் ஒருபோதும் தொடுவதில்லையாம். "நீங்கள் பிள்ளைக்குப் பிழையான புத்தி சொல்கிறீர்கள்" என்று எனக்குக் கண்டிப்பு வேறு.

முதலில் ஊர் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் வீட்டில் பியர் வடிக்கலாம். இங்கே 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் வடிக்க முடியாது. ஆகவே இங்கே நடப்பது இஞ்சிப் பீர்க் கதை மட்டும். அதையும் வெளியில் நாள்கணக்காக விட்டால் மதுசாரம் ஏறும். வாயு பிடித்தவுடன் ஃபிரிஜ்ஜில் வையுங்கள், குடித்து முடியுங்கள்.

இனி அண்ணாவின் விஷயம். அவர் சொல்வது சரி. ஆனால் அவர் குளோரினை எடுப்பது ஈஸ்டைக் காப்பாற்ற இல்லை, ருசிக்காக. பியருக்குப் போடுகிற மோல்ட்டில், அதாவது முளைவிட்ட பார்லியில், பினோல் வகைப் பொருள்கள் உண்டு. குளோரின் அவற்றோடு சேர்ந்தால் குளோரோபினோல் வரும். அது லீட்டருக்கு ஒரு மைக்ரோகிராமைத் தொட முன்னரே நாக்குக்குத் தெரியும் சரக்கு. சில வகைக்கு அதில் பத்திலொன்று போதும். மருந்து மணம், பிளாஸ்டர் மணம், பல் வைத்தியரின் அறை மணம் என்று பியர்க்காரர்கள் விதவிதமாகச் சொல்வது இதைத்தான். நமக்கு விளங்குகிறபடி சொன்னால் டெட்டோல் மணம். டெட்டோலில் இருக்கிற குளோரோசைலெனோலும் அதே குடும்பத்துப் பிள்ளைதான்.

இஞ்சிக்கு உறைப்புத் தருகிற ஜிஞ்சரோலும் பினோல் வகையே. அதனால் இஞ்சிப் பீரிலும் இந்த மணத்துக்கு இடம் உண்டு. ஆனால் பொங்காமல் போவதும் மருந்து மணப்பதும் வேறு வேறு வழக்குகள். தம்பி கேட்டது முதலாவதை.

13 மார்ச்

ஒன்று விட்டுப்போனது. டொரொன்டோவில் தண்ணீருக்குப் போடுவது வெறும் குளோரின் இல்லை, அமோனியாவையும் சேர்த்துக் குளோரமைனாக்கி அனுப்புகிறார்கள். அது குழாயில் நெடுந்தூரம் தாக்குப்பிடிக்கும், இலகுவில் பறக்காது, கொதிக்க வைத்தாலும் மெதுவாகத்தான் போகும். நமக்கு வருவது சாதாரணக் குளோரின். ஆகவே அண்ணாவுக்குச் சரிவருகிற வைத்தியம் நமக்குத் தேவைக்கு அதிகம். நமக்குச் சரிவருவது அவருக்குப் போதாது. வெளிநாட்டு வீடியோ பார்த்துச் செய்கிற ஆக்கள் இதைக் கவனிப்பதில்லை.

17 மார்ச்

வாயால் சொல்லிக்கொண்டிருக்காமல் செய்து பார்க்கலாம் என்று இரண்டு ஜாம் போத்தல் வைத்திருக்கிறேன். ஒரே இஞ்சி, ஒரே சீனி. ஒன்றில் குழாயில் நேரே பிடித்த தண்ணீர், மற்றதில் கொதித்து ஆறியது. பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பித்த பழக்கம், லேபிள் ஒட்டாமல் கை அடங்காது.

நீச்சல் தடாகச் சாமான் விற்கிற கடையில் டி.பி.டி. குளிசையும் வாங்கினேன். தண்ணீரில் கரைத்தால் குளோரின் அளவுக்கு ஏற்ப இளஞ்சிவப்பு வரும், அதை அட்டையோடு ஒப்பிட வேண்டும். நேரே பிடித்தது மெல்லிய றோஸ். ஆறியது வெறும் தண்ணீர் மாதிரியே நின்றது.

20 மார்ச்

இரண்டும் பொங்கின. ஆறிய தண்ணீர்ப் போத்தலில் காலையில் நுரை, மற்றதில் பின்னேரம். வெற்றி என்று எழுத வந்து யோசித்தேன். காலையில் பொங்கியது ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் நின்றது. அந்தச் சூடே அரைநாள் வித்தியாசத்தைத் தந்திருக்கலாம். அடுத்த முறை இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டும்.

எதுவானாலும் நேர்த் தண்ணீர்ப் போத்தல் சாகவில்லை. அது போதும்.

21 மார்ச்

தம்பி இப்போதுதான் முழு விபரமும் தந்திருக்கிறார். வாசித்துச் சிரித்துவிட்டேன், குறை நினைக்காதீர்கள். குளோரினுக்குப் பயந்து தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கிறார். அதுவரை சரி. கொதித்த தண்ணீரை அப்படியே, ஆவி பறக்க, வெட்டிய இஞ்சிக்கு மேல் ஊற்றியிருக்கிறார்! பிளேன்ரீக்கு இஞ்சி போடுகிற கை அது.

ஈஸ்ட் 50 பாகை தாண்டினால் தப்பாது. குளோரின் தொடாமல் விட்டதைச் சுடுதண்ணீர் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டது. அதற்குப் பிறகு நாலு நாள் பார்த்திருந்தால் பூஞ்சணம்தான் வரும். இரண்டு முறையும் வந்தது அதுதான்.

கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆற விடுங்கள். கொதித்த தண்ணீரில் கரைந்திருந்த ஒட்சிசனும் போய்விடும், ஈஸ்ட் பெருக ஒட்சிசன் வேண்டும். ஆகவே இரண்டு பாத்திரத்துக்கிடையில் உயரத் தூக்கி ஆற்றுங்கள், தேத்தண்ணிக் கடையில் ஆற்றுவது போல. பிறகு இஞ்சி.

2 ஏப்ரல்

"இரவு முழுக்க வைத்துவிட்டால் குளோரின் பறந்துவிடுமா" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பறக்கும், ஆனால் எதில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒடுங்கிய வாய்ப் போத்தலில் வைத்து மூடிவிட்டால் விடியவும் அப்படியே இருக்கும். வாயகன்ற சட்டியில், ஆழம் குறைவாக, வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்து இடையிடையே கலக்கினால் வேகமாகப் போகும். வெயில் குளோரினை உடைக்கும், நீச்சல் தடாகக்காரர்களுக்கு அது தீராத செலவு. மொட்டைமாடி டாங்கில் ஒரு நாள் கிடந்து வருகிற தண்ணீரில் மணம் குறைவதற்கும் நேரமும் சூடும்தான் காரணம். தெருக் குழாயில் நேரே பிடித்த தண்ணீரையும் டாங்க் தண்ணீரையும் குளிசை போட்டுப் பார்த்தேன், நிறத்திலேயே வித்தியாசம் தெரிந்தது.

மெல்லிய துணி போட்டு மூடுங்கள். கொழும்பில் திறந்த சட்டியில் தண்ணீர் வைத்திருப்பதைக் கண்டால் பி.எச்.ஐ. ஐயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இஞ்சிப் பீர்க் கதை கேட்க நிற்கமாட்டார். நுளம்பு முட்டை ஒரே இரவில் நுளம்பாகாது, முழுதாக வளர ஏறக்குறைய ஒரு கிழமை எடுக்கும். ஆனாலும் சட்டியை வைத்து மறக்கிற ஆக்கள் நாங்கள்.

கொதிக்க வைப்பது இன்னும் நிச்சயம். மூடியைத் திறந்துவிட்டுச் சில நிமிஷம் தளதளவென்று கொதிக்க விட்டால் சாதாரணக் குளோரின் போய்விடும். கேத்தில் தானாக நின்றுவிடுவதால் மட்டும் கொஞ்சம் மிஞ்சலாம், இன்னொருமுறை தட்டிவிடுங்கள். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில் தண்ணீர் கொதிக்க வைப்பதெல்லாம் ஆடம்பரம். அப்போது நானும் சட்டி முறைக்குத்தான் போனேன். உறை சாகவில்லை.

3 ஏப்ரல்

அப்பத்துக்குக் கேட்ட அக்காவுக்கு: உங்கள் அம்மா முதல்நாள் குடத்தில் பிடித்த தண்ணீரில்தான் மா கரைப்பார் என்றால் அது நல்ல பழக்கம், ஆனால் மா புளிக்காததற்குக் குளோரினைத் திட்டாதீர்கள். மாவில் உள்ள மாப்பொருளும் புரதமும் அந்தக் குளோரினைக் கரைக்கும்போதே விழுங்கிவிடும். கள்ளுவிட்டு அப்பம் சுட்ட காலத்தில் ஒரு கோப்பைக் கள்ளில் உயிரோடிருந்த ஈஸ்ட் அத்தனையையும் குழாய்த் தண்ணீர் என்ன செய்திருக்க முடியும்? கொழும்பில் மா புளிக்காமல் நிற்பது பெரும்பாலும் ஏசி அறையில் வைப்பதால்.

11 ஏப்ரல்

டொரொன்டோ அண்ணா இன்னொன்று கேட்டார்: காம்டன் குளிசை அங்கே கிடைக்குமா? பியர், வைன் வடிக்கிற ஆக்கள் பாவிக்கிற சோடியம் அல்லது பொட்டாசியம் மெட்டாபைசல்பைற்று. ஒரு குளிசை 0.44 கிராம், ஏறக்குறைய 75 லீட்டர் தண்ணீருக்குப் போதும். குளோரமைனையும் முறிக்கும். அவருக்கு அது சரி. நான் அரை லீட்டருக்கு உறை வைக்கிறவள், அந்தக் குளிசையில் நூற்றைம்பதில் ஒரு பங்கை எப்படி உடைப்பது? கூடப் போட்டால் சல்பைற்று ஈஸ்டைத்தான் முதலில் அடக்கும். ஆஸ்துமாக்காரருக்கு அது ஒத்துக்கொள்ளாமலும் போகலாம்.

அதற்குப் பதில் வைட்டமின் சி. 1 மில்லிகிராம் குளோரினை முறிக்க ஏறக்குறைய 2.5 மில்லிகிராம் அஸ்கோர்பிக் அமிலம் போதும், சில நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். பார்மசியில் விற்கிற 100 மில்லிகிராம் குளிசை ஒன்று, லீட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள தண்ணீரில் 40 லீட்டரைச் சுத்தமாக்கும். ஆகவே குளிசையின் ஓரத்தில் ஒரு பொருக்கு போதும். சப்பிச் சாப்பிடுகிற தோடம்பழ வாசனைக் குளிசை வேண்டாம், இஞ்சியில் தோடம்பழம் மணக்கும்.

இன்னும் இலகுவாக வேண்டுமா? தேசிக்காய். 100 மில்லிலீட்டர் தேசிச்சாற்றில் 30 மில்லிகிராம் அளவில் வைட்டமின் சி உண்டு. ஒரு மேசைக்கரண்டியில் நாலு மில்லிகிராமுக்கு மேல் வரும், ஒரு லீட்டர் குழாய்த் தண்ணீருக்கு அது தாராளம். இஞ்சிப் பீருக்கு எப்படியும் தேசிக்காய் பிழியப் போகிறீர்கள். இஞ்சி போட்ட பிறகு பிழியாமல், முதலில் தண்ணீரில் பிழிந்து பத்து நிமிஷம் விட்டு, அதற்குப் பிறகு இஞ்சியைப் போடுங்கள். ஜிஞ்சரோலைச் சந்திக்க முன்னரே குளோரின் முடிந்துவிட வேண்டும், வரிசைதான் முக்கியம்.

இதை யோசித்து எழுதும்போது என் மீதே எரிச்சல் வந்தது. இவ்வளவு காலம் கேத்தில், சட்டி, துணி என்று அலைந்திருக்கிறேன், தேசிக்காய் மேசையிலேயே கிடந்தது.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்துகள். கண்ணாடிப் போத்தலில் அடைக்காதீர்கள். இந்தச் சூட்டில் ஒரே நாளில் அமுக்கம் ஏறிவிடும். பிளாஸ்டிக் போத்தலை அமத்திப் பார்க்கலாம், கல்லு மாதிரி இறுகியதும் ஃபிரிஜ். கண்ணாடியை அமத்திப் பார்க்க முடியாது. எங்கள் பக்கத்து வீட்டில் நேற்றிரவு கேட்ட சத்தம் வெடி இல்லையாம்.

27 ஏப்ரல்

கரி பற்றி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு அந்தக் கரியைத் துணியில் கட்டித் தண்ணீரில் போட்டால் ஃபில்டர் எதற்கு, நம் நாட்டுச் சிரட்டைக் கரியைத்தானே உலகமே வாங்குகிறது என்கிறார். உலகம் வாங்குவது உண்மை. ஆனால் வாங்குவது அடுப்புக் கரியை இல்லை. சிரட்டைக் கரியை 800 பாகைக்கு மேல் நீராவியில் வேகவைத்து, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளைத் திறந்த பிறகுதான் அது தூண்டிய கரியாகிறது. ஒரு கிராமுக்குள் நூற்றுக்கணக்கான சதுரமீட்டர் பரப்பு வருவது அந்தத் துளைகளால். குளோரின் அந்தப் பரப்பில் பட்டுக் குளோரைட்டாக மாறி நின்றுவிடும். அடுப்புக் கரியைப் போட்டால் சாம்பல் கரையும், தண்ணீர் காரமாகும், குளோரின் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கை மட்டும் கறுக்கும்.

கரி ஃபில்டர் குளோரினை நன்றாக எடுக்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வடித்த தண்ணீருக்குக் காவல் போய்விடுகிறது. அதை மேசையில் நாள்கணக்காக வைத்துக் குடிக்கக்கூடாது, கரிக்குள்ளேயே பக்டீரியா குடியேறும், காலத்துக்குக் காலம் மாற்றாத ஃபில்டர் இல்லாததை விட மோசம். குடிக்கிற தண்ணீரின் மணம் பிடிக்காமல் பூட்டுகிறீர்கள் என்றால் பூட்டுங்கள், அது வேறு கதை. ஒரு போத்தல் இஞ்சிப் பீருக்காகப் பூட்டாதீர்கள்.

மீன் தொட்டிக் கடையில் விற்கிற குளோரின் நீக்கியைப் பற்றியும் கேட்டார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேற்று. குளோரினை முறிக்கும், மீனுக்கு நல்லது. கூட என்ன சாயம், என்ன சேர்க்கை போட்டிருக்கிறார்கள் என்று லேபிளில் இருக்காது. வயிற்றுக்குப் போகிறதில் அதை ஊற்ற வேண்டாம்.

12 மே

தண்ணீர் உப்புக் கரிக்கிறது, அதற்கும் தேசிக்காய் பிழியலாமா என்றொரு கேள்வி. முடியாது. அது குளோரைட்டு. கறி உப்பில் இருக்கிற அதே சரக்கு. கொதித்தாலும் போகாது, கரியிலும் நிற்காது. கொழும்புக்கு வருகிற தண்ணீரில் பெரும்பங்கு களனி ஆற்றில் அம்பத்தலையில் எடுப்பது. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்தும் வரும். மழையில்லாத மாதங்களில் ஆற்றில் நீர் வற்றும்போது கடல் உப்பு மேலே ஏறும், அதைத் தடுக்கத்தான் அம்பத்தலையில் தடுப்பணை கட்டியது. மற்றபடி கொழும்புத் தண்ணீர் மென்மையானது.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரோடு ஒப்பிட்டால் தெரியும். அங்கே சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவதால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும், பிளேன்ரீ கறுக்கும், சவர்க்காரம் நுரைக்காது. அம்மா கொழும்புக்கு வந்த புதிதில் "இந்தத் தண்ணியில சோப்புப் போகுதே இல்லை" என்று முறைப்படுவார். பியர்க்காரருக்கு இந்த வித்தியாசம் குளோரினைவிடப் பெரிய விஷயம். கறுத்த பியருக்குக் கடினமான தண்ணீர் ஒத்துவரும், வெளிறிய பியருக்கு மென்மையானது என்று கணக்குப் போடுவார்கள். நுவரெலியாவில் 1881இல் மதுவடிசாலை தொடங்கியதற்கு மலை அருவித் தண்ணீரும் குளிரும் எவ்வளவு உதவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், ஃபிரிஜ் இல்லாத காலம். இஞ்சிப் பீருக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை. இஞ்சி எல்லாவற்றையும் மூடிவிடும்.

டொரொன்டோ அண்ணா கோபிப்பார். கோபிக்கட்டும்.

24 மே

நேற்று வெசாக். தெருமுனைத் தன்சலில், வருகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிற பந்தலில், பெரிய வாளிகளில் கரைத்த சர்பத். பிளீச் போட்டு அலசிய வாளி போலும், ஒரு மிடறிலேயே அந்த மணம். அதில்தான் எனக்கு ஒரு விஷயம் ஓடியது.

இங்கே எல்லோரும் தண்ணீரில் உள்ள அரை மில்லிகிராமை எண்ணிக்கொண்டிருக்கிறோம். போத்தல் கழுவுகிறது எதில்? வீட்டு பிளீச்சில் சோடியம் ஹைப்போகுளோரைற்று நூற்றுக்கு ஐந்து வரை இருக்கும். அதாவது லீட்டருக்கு 50,000 மில்லிகிராம். அதில் ஒரேயொரு துளி, கிட்டத்தட்ட 0.05 மில்லிலீட்டர், போத்தலின் அடியில் மிஞ்சினால் 2.5 மில்லிகிராம். லீட்டருக்கு அரை மில்லிகிராம் என்ற கணக்கில் ஐந்து லீட்டர் குழாய்த் தண்ணீரில் இருக்கிற அளவு! தங்கள் இஞ்சிப் பீரில் மருந்து மணம் என்று எனக்கு எழுதியவர்களை விசாரித்தேன். பாதிப் பேருக்கு மேல் பிளீச் போட்டுப் போத்தல் கழுவுகிறவர்கள், நேரே குழாய்த் தண்ணீரில் ஒருதரம் அலசிவிட்டு அடைக்கிறார்கள்.

சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போதும். பிளீச் போட்டே ஆக வேண்டுமென்றால் மணம் முழுதாகப் போகும்வரை அலசி, கடைசி அலசலுக்குச் சிட்டிகை வைட்டமின் சி கரைத்த தண்ணீர். 12 மார்ச்சில் குளோரோபினோல் பற்றி எழுதியதை இதோடு சேர்த்து வாசியுங்கள்.

8 ஜூன்

மழை ஓரளவு விட்டிருக்கிறது. களனிக் கரை ஆக்களுக்கு வெள்ளத்தில் நடந்ததோடு பார்த்தால் இஞ்சிப் பீர் ஒரு கதையே இல்லை, இருந்தாலும் குழாய்த் தண்ணீர் ஏன் இப்படி மணக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கிழமை குழாயைத் திறந்தால் நீச்சல் தடாகம் மாதிரி மணக்கிறது, அது உண்மை. டி.பி.டி. குளிசையும் மார்ச்சில் கண்டதைவிட அழுத்தமான சிவப்பு. ஆற்றில் சேறும் இலைகுழையும் கலங்கி வரும்போது குளோரின் பாதி வழியிலேயே அவற்றோடு செலவழிந்துவிடும். வீட்டுக் குழாய் வரைக்கும் கொஞ்சம் மிஞ்ச வேண்டுமென்றால் தொடக்கத்தில் கூடப் போடத்தான் வேண்டும். முதல்நாள் உங்கள் இஞ்சிக் கரைசலுக்குச் சொன்ன அதே கணக்கு, ஆற்றுக்கு. மணக்கிறது என்று திட்டாதீர்கள், வெள்ளத்துக்குப் பிறகு மணக்காத குழாயைக் கண்டால்தான் நான் பயப்படுவேன். கிணறு வைத்திருக்கிறவர்கள் பி.எச்.ஐ. வந்து டி.சி.எல். என்கிற குளோரின் பவுடர் போடும்வரை, போட்ட பிறகும் சொல்லும்வரை, கொதிக்காமல் குடிக்க வேண்டாம்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. வெள்ள நீரில் அமோனியாவும் வரும். குளோரின் அதோடு சேர்ந்தால் கொஞ்சம் குளோரமைன் தானாகவே உண்டாகும், யாரும் திட்டமிட்டுப் போடாமலே. மார்ச்சில் "நமக்குச் சாதாரணக் குளோரின்தான், கொதித்தால் போகும்" என்ற தொனியில் எழுதியதற்கு இந்தக் காலத்தில் ஒரு விலக்கு வைக்கலாம். சட்டியில் ஓரிரவு வைத்தும் மணம் நின்றால் சட்டியை நம்பாதீர்கள், வைட்டமின் சி போடுங்கள். அது இரண்டையும் முறிக்கும்.

16 ஜூன்

வெள்ளம் வந்த கிழமைத் தண்ணீரில் வேண்டுமென்றே இரண்டு போத்தல் வைத்தேன், இம்முறை ஒரே தட்டில். ஒன்றில் முதலில் தேசிக்காய், மற்றதில் நேரே இஞ்சி. பொங்குவதில் வித்தியாசமே இல்லை, இரண்டும் ஒன்றாகவே நுரைத்தன. ரைஸ் குக்கரைச் சந்தேகித்தது வீண்போகவில்லை.

ருசிக்கு மச்சாளைக் கூப்பிட்டேன். எது எது என்று சொல்லாமல் கொடுத்தேன். இரண்டாவதைக் குடித்துவிட்டு "இதில ஆஸ்பத்திரி மணக்குது" என்றாள். சரியாகப் பிடித்துவிட்டாள். மார்ச் மாதத்துப் போத்தல்களில் அவளுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் கணவருக்கு இரண்டு தடவையும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அவர் கடையில் வாங்கும் இஞ்சிப் பீரைத் தவிர மற்றதெல்லாம் தண்ணீர் என்று நினைக்கிறவர்.

22 ஜூன்

தம்பியிடமிருந்து படம் வந்திருக்கிறது. மண் இஞ்சி, ஆறிய தண்ணீர், நுரை போத்தல் கழுத்துவரை ஏறியிருக்கிறது. மூடியை இறுக்கியிருப்பது படத்தில் தெரிகிறது. தம்பி, தளர்த்துங்கள், இப்போதே.

6 ஜூலை

கொம்புச்சா, அதாவது புளிக்க வைத்த தேநீர், வைக்கிற பிள்ளைக்கு: தேயிலையிலும் பினோல் குடும்பம் நிறைய இருக்கிறது, ஆகவே மருந்து மணம் அங்கேயும் வரலாம். ஆனால் உங்களுக்கு வேலை குறைவு, தண்ணீரை எப்படியும் கொதிக்க வைக்கிறீர்கள். மூடியில்லாமல் சில நிமிஷம் கொதிக்க விட்ட பிறகு தேயிலையைப் போடுங்கள், முன்னதாக வேண்டாம். ஆறிய பிறகு தாய்த்தட்டு, அதாவது தேநீரைப் புளிக்க வைக்கிற ஈஸ்டும் பக்டீரியாவும் சேர்ந்த படலம். ஜாடியைப் பிளீச் போட்டுக் கழுவாதீர்கள். உங்கள் ஊர் டொரொன்டோ என்றால் வைட்டமின் சி ஒரு பொருக்கு, வெள்ளவத்தை என்றால் வெள்ளம் வந்த கிழமைகளில் மட்டும்.